இலங்கைப் பக்கம் சேந்து திட்டம் பண்றீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணிறாதீங்க

போன மாசம் கலெக்டர் ஆபீஸ் பக்கத்து டீக்கடையில ராமநாதபுரத்து அண்ணன் ஒருத்தர் ஒரு பைலை நீட்டுனாரு, யாழ்ப்பாணத்துச் சங்கத்தோட சேந்து கடல்பாசி வளக்குற திட்டம், எம்ஓயூல, அதாவது புரிந்துணர்வு ஒப்பந்தத்துல, ரெண்டு பக்கமும் கையெழுத்து, பொன்னாடை போட்ட போட்டோ வேற உள்ள இருக்கு. "எல்லாம் முடிஞ்சிருச்சு தம்பி, பணம் வரவேண்டியதுதான் பாக்கி"ன்னாரு. எந்தப் பேர்லண்ணே வரும்னு கேட்டேன். "இந்த எம்ஓயூ பேர்லதான்"னாரு.

மொதத் தப்பே அதுதான். எம்ஓயூ வெறும் தாளு, அதுக்கு பான் கார்டு கிடையாது, பேங்க்ல கணக்கு தொறக்க முடியாது, நாளைக்கு ஒரு வில்லங்கம்னா அது மேல கேஸும் போட முடியாது. ஐரோப்பாவுல 2006லயே சட்டம் போட்டு ரெண்டு மூணு நாட்டு நகராட்சிக சேந்து ஒரே அமைப்பா பதிவு பண்ணிக்கலாம்னு வச்சுட்டாங்க, பிரான்சோட லில் நகரமும் எல்லைக்கு அங்கிட்டு இருக்க பெல்ஜியம் ஊர்களும் 2008ல அப்படித்தான் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. நமக்கும் இலங்கைக்கும் நடுவுல அப்படி ஒரு சட்டமே இல்ல. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது, வெளிநாட்டோட ஒப்பந்தங்கிறது டெல்லி சமாச்சாரம். இங்கிட்டு ஒரு அமைப்பு, அங்கிட்டு ஒரு அமைப்பு, யாரு எதுக்குப் பொறுப்பு, யாரு கணக்குக் காட்டணும்னு தெளிவா ஒரு ஒப்பந்தம், அவ்வளவுதான் வழி.

சரி புதுசா ஒரு டிரஸ்ட் போட்டுருவோம்னு உடனே பத்திர ஆபீசுக்கு ஓடாதீங்க. வெளிநாட்டு நன்கொடை வாங்கணும்னா எப்சிஆர்ஏங்கிற சட்டத்துல பதிவு வேணும், அந்தப் பதிவுக்கு அமைப்பு ஆரம்பிச்சு மூணு வருசம் ஆயிருக்கணும், அந்த மூணு வருசத்துல 15 லட்சமாவது வேலைக்குச் செலவு பண்ணியிருக்கணும். அது இல்லேன்னா முன் அனுமதிதான், இன்னார் குடுக்குற இவ்வளவு தொகை இந்த வேலைக்குன்னு தனியா வாங்கணும்.

பதிவு இருந்தாலும் ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையில இருந்து வர்ற பணம் மொதல்ல டெல்லி பாராளுமன்றத் தெரு ஸ்டேட் பேங்க் கணக்குலதான் விழணும், அப்பறந்தான் நம்ம ஊரு பேங்குக்கு வரும். இதுக்காக ரயிலேற வேணாம், இங்க இருக்க ஸ்டேட் பேங்க் கிளையிலயே எழுதிக் குடுக்கலாம்.

நெறைய பேரு சிக்குறது இன்னொண்ணுல. மதுரையில பெரிய அமைப்பு பணம் வாங்கி, கடலோரத்துச் சின்னச் சின்னக் குழுக்களுக்குப் பிரிச்சுக் குடுக்குறது. 2020ல அந்தச் சட்டத்தத் திருத்துனதுக்கு அப்பறம் அது கூடவே கூடாது, அந்தக் குழுவுக்கு எப்சிஆர்ஏ பதிவு இருந்தாலும் சரி. வாங்கினவங்களே வேலையச் செய்யணும், நிர்வாகச் செலவும் 20 சதவீதத்துக்குள்ள அடங்கணும், முன்னாடி 50 இருந்துச்சு.

"பணமா வேணாம், மூங்கிலும் கயிறுமா வாங்கித் தரச் சொல்றேன்"னாரு அண்ணன். பொருளும் கணக்குதாண்ணே. வெளிநாட்டுக்காரர் இங்க வந்து ரூபாயா கையில குடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான்.

"அப்ப கனடாவுல இருக்க எங்க மச்சான் குடுத்தா?"

இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருந்து சொந்தச் சேமிப்ப பேங்க் வழியா அனுப்புனா அது வெளிநாட்டு நன்கொடையில சேராது, கனடா குடியுரிமை வாங்கிட்டாருன்னா சேரும், இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் குடுக்குற ஓசிஐ கார்டு இருந்தாலும் சேரும். ஆளு அதே மச்சான்தான், பாஸ்போர்ட்டுதான் வேற.

அண்ணன் டீய வச்சுட்டு அங்கனயே போனப் போட்டாரு. கனடாவுல அப்ப நடுராத்திரி.