தசையில் போட்டாலும் டிரிப்ஸில் போட்டாலும் ஒன்றுதானா?

காய்ச்சல் என்றதும் "ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர்" என்று கேட்பதுதான் முதல் தவறு. சளி, இருமலில் பெரும்பாலானவை வைரஸின் வேலை, அதற்கு ஆன்டிபயாடிக் எந்த வழியில் போனாலும் பயனில்லை. பாக்டீரியாதான் என்றாலும், வாந்தி எடுக்காமல் குடிக்கிற குழந்தைக்கு அமாக்சிசிலின் சிரப்பே குடலிலிருந்து நன்றாக ரத்தத்தில் சேர்ந்துவிடும்.

சரி, ஊசிதான் வேண்டும் என்றால் எங்கே போட்டால் என்ன என்று நினைப்பது அடுத்தது. நரம்பு ஊசி என்று நாம் சொல்வது உண்மையில் ரத்தக்குழாய்க்குள் போவது, அதனால் மருந்து உடனே ரத்தத்தில் கலந்துவிடும். தசையில் போட்டது, அங்கே ஓடும் ரத்தம் எடுத்துப்போனால்தான் உடம்புக்குச் சேரும். கை கால் ஜில்லிட்டு ஷாக்கில், அதாவது ரத்த ஓட்டம் ஆபத்தான அளவு குறைந்து, கிடக்கும் குழந்தைக்குத் தசைக்கு ரத்தம் போவதே குறைவு, மருந்து போட்ட இடத்திலேயே தங்கிவிடும். நர்ஸ் இரண்டு மூன்று முறை குத்தி ரத்தக்குழாய் தேடுவது அதனால்தான்; பார்க்க வயிறு கலங்கும், ஆனாலும் தடுக்காதீர்கள். ரத்தக்குழாய் கிடைக்கவே இல்லையென்றால் முதல் டோஸைத் தசையில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் சரிதான்.

வழி மாறினால் உயிருக்கே ஆபத்தாகும் மருந்தும் உண்டு. ருமாட்டிக் காய்ச்சல் (தொண்டைப் புண்ணுக்குப் பிறகு வந்து இதயத்தைப் பாதிக்கக்கூடியது) வந்த பிள்ளைகளுக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சத்தீன் பென்சிலினைக் குலுக்கிப் பாருங்கள், பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், கொஞ்சம் தாமதித்தால் ஊசியே அடைத்துக்கொள்ளும். அந்தக் கரையாத துகள்தான் தசைக்குள் வாரக்கணக்கில் மெல்லக் கரைகிறது. ரத்தக்குழாய்க்குள் போனால் இதயம் நின்றுவிடலாம். செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கை இரண்டு வழியிலும் போடலாம், ஆனால் வலி தெரியாமலிருக்க லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்தில் கலந்தது தசைக்கு மட்டும்தான். பிறந்து 28 நாளுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கால்சியம் டிரிப்ஸ் ஓடினால் செஃப்ட்ரியாக்சோன் போடவே கூடாது, இரண்டும் சேர்ந்து படிகமாகிவிடும்.

கைக்குழந்தைக்குப் பிட்டத்தில் போடச் சொல்லாதீர்கள். காலுக்குப் போகும் பெரிய நரம்பு (ரத்தக்குழாய் அல்ல, நிஜ நரம்பு) அங்கேதான் ஓடுகிறது. தொடையின் முன்பக்க வெளிப்புறமே சரியான இடம்.

அப்புறம், பச்சிளங்குழந்தைக்கு ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை நாளுக்கு ஒரு தடவையோ அதைவிட இடைவெளி விட்டோ போடுவதைப் பார்த்து "டோஸ் விட்டுப்போச்சு" என்று பதறுகிறவர்கள் நிறைய. அந்த உடம்பில் சுமார் 75 சதவீதம் தண்ணீர், மருந்து பரவி நீர்த்துப்போகும், அதனால் ஒரு கிலோவுக்கான அளவைக் குறைப்பதில்லை. ஆனால் சிறுநீரகம் இன்னும் முதிரவில்லை, வெளியேற்ற நேரம் பிடிக்கும், இடைவெளி விடுவது அதனால்தான். ஊசியில் எடுக்கும் மருந்தும் கொஞ்சம்தான், அதில் ஒரு பகுதி டியூபிலேயே நின்றுவிடலாம். பின்னாலேயே நர்ஸ் உப்புநீர் ஏற்றுவது அந்த மீதியை உள்ளே தள்ளத்தான்.