யானை வெடி: எதை எடுப்பது, எங்கே எறிவது

தை பிறந்து கதிர் பழுக்கத் தொடங்கினால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் யாருக்கும் சரியான நித்திரை கிடையாது. வெல்லாவெளி, வவுணதீவு, கரடியனாறு, கிரான், அந்தப் பக்கம் திருக்கோவில், பொத்துவில் என்று எந்த வட்டையில், அதாவது எந்த வயல்வெளியில் கேட்டாலும் கதை ஒன்றுதான், இரவு யானை வந்தது, இத்தனை ஏக்கர் போய்விட்டது. வனஜீவராசிகள் திணைக்களம் தருகிற யானை வெடி அந்த நேரத்தில் எங்கள் கையில் இருக்கிற கடைசிச் சாமான். அதைக் கண்டபடி எறிந்து கை போனவர்களையும், எறிந்து எறிந்தே அதன் பலனைக் கெடுத்தவர்களையும் நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன், வயல் குடிசையான வாடியில் காவலுக்குப் போகிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது வாசிக்க வேண்டும்.

முதலில் வெடியைப் பகலில் வெளிச்சத்தில் எடுத்துப் பாருங்கள். இரவு யானை வரப்பு ஏறிய பிறகு டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சோதிக்கிற வேலை இல்லை இது. இறுக்கிச் சுருட்டிய கடதாசிக் குழாய் எங்கேயும் ஊதியிருக்கக் கூடாது, நசுங்கியிருக்கக் கூடாது, இரண்டு முனையிலும் அடைப்பு உறுதியாக இருக்க வேண்டும். மெதுவாகச் சரித்துப் பார்க்கையில் தூள் கொட்டினால் அதை வேறாக வையுங்கள். ஆனால் முக்கியமானது திரிதான். திரி முழு நீளத்துக்கும் ஒரே பருமனாக, முறியாமல், வேரடியில் ஆடாமல் நிற்க வேண்டும். நடுவில் மடிந்து வெடித்த திரி ஆபத்தானது, ஏனென்றால் மருந்து வெளியே தெரிகிற அந்த இடத்தில் நெருப்பு ஒரே தாவலில் உள்ளே போய்விடும், உங்களுக்கு எறிய நேரம் கிடைக்காது.

என் மாமாவுக்கு நடந்தது அதுதான். 2 விரல் போனது, பெருவிரலும் சுட்டுவிரலும். மழை நாளில் சாக்குக்குள் கிடந்து திரி மடிந்த வெடி, எறிந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார், கையை ஓங்குவதற்குள் வெடித்துவிட்டது. இப்போதும் அவர் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் சேர்த்துத்தான் பிடிப்பார்.

எங்கள் பக்கம் பெரும்போகம் முழுக்க மழையோடுதான் போகிறது, ஐப்பசியில் தொடங்கினால் தை வரைக்கும் வாடியில் காய்ந்த இடம் என்று ஒன்று இருக்காது. நனைந்த வெடியை அடுப்புக்குப் பக்கத்தில், சில பேர் அடுப்புக்கு மேலே பரணில்கூட வைத்துக் காயவைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நெருப்புப் பொறி படுவது ஒரு ஆபத்து. அது இல்லாமலே, அலுமினியத் தூள் கலந்த மருந்துகள் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளே தானாகச் சூடேறக்கூடியவை. நனைந்தது நனைந்ததுதான், காயவைத்து மீட்கலாம் என்ற கணக்கே வேண்டாம். வாளித் தண்ணீருக்குள் நன்றாக ஊறப்போட்டு வைத்து, வெடி தந்த அலுவலகத்துக்கு அறிவித்து அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

நல்ல வெடியைக் கடதாசியில் சுற்றி, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிக்குள் போட்டு, வாடியில் அடுப்பும் மண்ணெண்ணெய் விளக்கும் இல்லாத மூலையில் வையுங்கள். பசளை மூட்டைக்குப் பக்கத்திலும் வேண்டாம். பிள்ளைகள் வந்துபோகிற வாடி என்றால் பூட்டு வேண்டும். கால்சட்டைப் பையில் லைட்டரோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு திரிகிற பழக்கத்தையும், ஸ்கூட்டர் ஆசனத்துக்குக் கீழே எஞ்சின் சூட்டில் வைத்துக் கொண்டுபோகிற பழக்கத்தையும் இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 3 சின்ன வெடியைப் பிரித்து மருந்தை ஒன்றாகக் கொட்டிப் பெரிதாகக் கட்டினால் சத்தம் கூடும் என்று நினைக்கிறவர்கள் ஒவ்வொரு வட்டையிலும் இருக்கிறார்கள். பழைய கருமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி. திறந்து கிடந்தால் அது சீறி எரியும், இறுக்கமான கூட்டுக்குள் இருந்தால்தான் வெடிக்கும். இப்போது சத்தத்துக்காகச் செய்கிற வெடிகளில் வருகிற மருந்து அதைவிட மிக வேகமானது, உரசலுக்கும், நைலோன் சட்டையில் பிறக்கிற சின்ன மின்பொறிக்கும்கூடப் பற்றக்கூடியது. பிரிக்கும்போதே பற்றும். எந்த அளவு மருந்து எந்தக் கூட்டுக்கு என்பது செய்தவன் கணக்கு, அதை வாடியில் இருந்து மாற்ற முடியாது. வெடியைப் பிரிக்க வேண்டாம், கூட்டிக் கட்ட வேண்டாம், போத்தலுக்குள்ளோ தகரத்துக்குள்ளோ போட்டு எறியவும் வேண்டாம். பூசணிக்காய்க்குள் மருந்து வைத்துப் பன்றிக்குப் போடுகிற ஹக்க பட்டாஸ் பற்றிப் பேசவே எனக்கு விருப்பமில்லை. சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம், அதைக் கடித்து வாய் கிழிந்த யானைக்குட்டி ஒன்று குடிக்கவும் முடியாமல் தின்னவும் முடியாமல் நாள்கணக்கில் நின்று சாகிறது, அதைப் பார்த்தவன் மறுபடி அந்த வேலைக்குப் போகமாட்டான்.

சரி, யானை வந்துவிட்டது. உடனே வெடியை எடுக்காதீர்கள். முதலில் வெளிச்சம், அப்புறம் கூவல், தகரம் தட்டுதல், வெடி கடைசி. யானை முட்டாள் இல்லை. வெடித்தது, ஆனால் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று 10 தடவை கண்ட கொம்பன் 11ஆம் தடவை தலையைக்கூடத் தூக்காது, கதிரை உருவிக்கொண்டே நிற்கும். ஒரே இரவில் 8, 10 என்று எறிந்து தள்ளுகிற வட்டைகளில்தான் அடுத்த வருடம் வெடிக்கு அசையாத யானை நிற்கிறது. வெடியின் மருந்தைவிட யானையின் பயம்தான் உங்களுக்குப் பெரிய சொத்து, அதைச் சிக்கனமாகச் செலவழியுங்கள்.

தூரம் பாருங்கள். யானை மணிக்கு 25 கிலோமீற்றருக்கு ஓடினாலே விநாடிக்கு 7 மீற்றர், அப்படியென்றால் 50 மீற்றர் என்பது 7 விநாடி. இருட்டில், சேற்றில், வரப்பில் சறுக்கிக்கொண்டு 7 விநாடியில் நீங்கள் எங்கே போவீர்கள்? அதைவிடக் கிட்ட நிற்கிற யானைக்கு வெடி வேண்டாம், சத்தம் போடாமல் பின்வாங்குங்கள். குட்டியோடு நிற்கிற பெண் யானைக்கும், கன்னத்தில் மதநீர் வழிகிற ஆணுக்கும் எந்தத் தூரத்திலும் வேண்டாம்.

வெடி யானையின் மேல் விழக் கூடாது, யானைக்குப் பின்னாலும் விழக் கூடாது. பின்னால் வெடித்தால் அது உங்களை நோக்கித்தான் ஓடிவரும். உங்களுக்கும் யானைக்கும் நடுவில், உங்களுக்குப் போதிய தூரத்தில் வெடிக்க வேண்டும், அது வந்த வழி, காட்டுப் பக்கம், திறந்து கிடக்க வேண்டும். ஆகவே பொழுது சாயும் முன்னமே யானை எந்தப் பக்கத்தால் இறங்குகிறது என்று அடியைப் பார்த்து வையுங்கள். பக்கத்து வட்டைக்கும் போன் பண்ணிச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெடித்தால் யானை நடுவில் சிக்கி ஊருக்குள்தான் இறங்கும்.

பற்றவைக்கிற விதம். முடிந்தால் கையில் பிடிக்காதீர்கள். வரப்பில் நட்ட ஒரு கம்பின் பிளவில் செருகிப் பற்றவைத்துவிட்டு விலகுவதுதான் நல்லது, எறியாமலே அந்தச் சத்தம் யானைக்குக் கேட்கும். இரவில் நிலம் குளிர்ந்து மேலே காற்று சூடாக இருப்பதால் சத்தம் மேலே போகாமல் வளைந்து வயல்மேலே வெகுதூரம் ஓடும், பகலில் கேட்காத கோயில் மணி இரவில் கேட்பது அதனால்தான். எறியத்தான் வேண்டும் என்றால், பற்றவைக்க லைட்டரைவிட நுளம்புச் சுருளின் கனல் நல்லது, காற்றுக்கு அணையாது. திரியின் நுனியில் மட்டும் தொடுங்கள், முகத்தை வெடிக்கு மேலே கொண்டுபோகாதீர்கள், சீறினதும் எறியுங்கள், எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். மரத்துப் பரணில் இருந்து எறிகிறவர்கள் பகலிலேயே கிளைகளைப் பார்த்து வைக்க வேண்டும், கிளையில் பட்ட வெடி உங்கள் காலடிக்குத்தான் வரும். ஒரு ஆள் வெடிக்கு, ஒரு ஆள் வெளிச்சத்துக்கு, இரண்டு பேருக்குக் குறைந்து வேண்டாம். குடித்தவன் கையில் வெடி கொடுக்கவே கூடாது, அவன் வயலின் சொந்தக்காரப் போடியாரே ஆனாலும்.

வெடிக்காமல் கிடந்தால் குறைந்தது அரை மணித்தியாலம் கிட்டப் போகாதீர்கள். விடிந்த பிறகு தண்ணீர் ஊற்றி நனைத்துத்தான் எடுக்க வேண்டும். விட்டுவிட்டு வந்தால் காலையில் மாடு மேய்க்கிற பிள்ளை எடுத்துவிடும். சிறுபோக அறுவடைக் காலத்தில், கச்சான் காற்று அடிக்கும்போது, வைக்கோலுக்கும் காய்ந்த கதிருக்கும் பக்கத்தில் வெடி வேண்டவே வேண்டாம், யானை தின்றதைவிட நெருப்புத் தின்றது கூடிவிடும்.

கை சுட்டால் ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள், பற்பசை, மஞ்சள், எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். விரல் பிய்ந்து இரத்தம் ஓடினால் சுத்தமான துணியால் இறுக்கி அழுத்திக் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். பிய்ந்த விரலைத் தேடி எடுங்கள், ஈரத் துணியில் சுற்றிப் பொலித்தீனில் கட்டி அந்தப் பொலித்தீனை ஐஸ் மேல் வையுங்கள், விரலை நேரே ஐஸில் போடாதீர்கள்.

வெடி ஒரு இரவைத்தான் காப்பாற்றும். 2011 கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானை. 2023இல் மட்டும் 470க்கு மேல் யானைகள் செத்தன, யானையால் 170க்கு மேல் மனிதர்களும் செத்தார்கள். பிரித்திவிராஜ் பெர்னாண்டோ போன்ற யானை ஆய்வாளர்கள் நீண்ட காலமாகச் சொல்வது, காட்டு எல்லையில் வேலி போட்டுப் பலனில்லை, ஊரைச் சுற்றியும், போக காலத்தில் மட்டும் வயலைச் சுற்றியும் மின்வேலி போட்டு, அறுத்ததும் வயல் வேலியைக் கழற்றிவிட வேண்டும் என்று. அந்த வேலி துடிப்பு மின்சாரத்தில் ஓடுவது, யானையைத் திடுக்கிட வைக்கும், கொல்லாது. வீட்டு லைனில் இருந்து கம்பி இழுக்கிறவர்கள் செய்வது அது இல்லை, அது ஆளையும் கொல்லும். எங்கள் வட்டையில் கமக்காரர் அமைப்பில் இதைப் பேசத் தொடங்கியிருக்கிறோம், கம்பிக்கும் கம்புக்கும் ஏக்கர் கணக்கில் பிரித்தால் ஒரு ஆளுக்கு எவ்வளவு வருகிறது என்று வட்டையின் காரியங்களைப் பார்க்கிற வட்டவிதானை கொப்பியில் எழுதிக்கொண்டு திரிகிறார். அது வரும் வரைக்கும் மூலையில் இருக்கிற வாளியின் மூடியை ஒவ்வொரு பின்னேரமும் திறந்து திரிகளைப் பார்த்து வைக்கிறேன்.