பழைய சி++ மென்பொருளும் ஜிடிபியும்

கல்முனைப் பக்கம் ஒரு அரிசி ஆலையின் கணக்கு மென்பொருள் அடிக்கடி நின்றுபோனது. ஜி++ என்ற சி++ கம்பைலரின் 2.95 பதிப்பில் கட்டிய பழசு. நிரல்களில் பிழை தேட உதவும் ஜிடிபி என்ற கருவியில் பார்த்தால், விர்ச்சுவல் ஃபங்ஷன்கள் (எதை அழைப்பது என்று ஓடும்போது தீர்மானிக்கப்படுபவை) சம்பந்தமில்லாத முகவரிகளைக் காட்டின. ஜி++ 3.0இலிருந்து, அந்த ஃபங்ஷன்களின் முகவரிகளை வைத்திருக்கும் வி-டேபிளின் அமைப்பும், ஃபங்ஷன் பெயர்களைக் குறியீடாக மாற்றி எழுதும் முறையும் மாறிவிட்டன. எந்த முறை என்று ஜிடிபி தானாக ஊகிக்கும். ஆனால் பிரிண்டருக்கான லைப்ரரி புதிய கம்பைலரில் கட்டியது. அதன் பெயர்களைக் கண்டு, எல்லாமே புது முறைதான் என்று ஜிடிபி எடுத்துக்கொண்டது.

எந்த முறை என்று கேட்கும் ‘ஷோ சிபி-ஏபிஐ’ கட்டளையை அடித்தேன்: ஆட்டோ, தற்போது ஜிஎன்யு-வி3, அதாவது புது முறை. சரி, ‘செட் சிபி-ஏபிஐ ஜிஎன்யு-வி2’ என்று பழைய முறையை நானே சொல்லிவிட்டேன். அப்புறம், ஆப்ஜெக்டின் உண்மையான வகையைக் காட்டச் சொல்லும் ‘செட் பிரிண்ட் ஆப்ஜெக்ட் ஆன்’. வெறும் ‘சீட்டு’ என்று தெரிந்த பாயிண்டர், ‘நெல் கொள்வனவுச் சீட்டு’ என்று தன் உண்மையான கிளாஸைக் காட்டியது. எவ்வளவு நிம்மதி! கோளாறு அந்தக் கிளாஸின் டிஸ்ட்ரக்டரில் (ஆப்ஜெக்டை அழிக்கும்போது ஓடும் ஃபங்ஷன்): ஒரே நினைவகத்தை இரண்டு தரம் விடுவித்திருந்தது.