கட்டுவிரியனா, ஓநாய்ப் பாம்பா?

ஐப்பசி மழை பிடித்ததும் நெல்லைப் பக்கம் வயலை ஒட்டிய வீடுகளுக்குள் பாம்பு வருவது வழக்கம்தான். அதிகம் குழப்புவது இந்த இரண்டும். இரண்டிலும் கருத்த உடம்பில் வெள்ளைக் கட்டுகள் இருக்கும். ஓநாய்ப் பாம்புக்கு விஷமில்லை. பல்லி பிடிக்க வருவது, சுவரில் சரசரவென ஏறும், பெரும்பாலும் முழங்கை நீளம்தான்.

கட்டுகள் எங்கே தொடங்குகின்றன என்று பாருங்கள். ஓநாய்ப் பாம்புக்குக் கழுத்துப் பக்கம் பளிச்சென்று இருந்து வால் பக்கம் மங்கிவிடும். கட்டுவிரியனுக்கு நேர்மாறு: தலைப்பக்கம் கட்டே தெரியாது, வால் பக்கம் போகப்போகத் தெளிவாகும், பல இடங்களில் இரண்டிரண்டாக வரும். உடம்பு எண்ணெய் தடவியதுபோல மினுங்கும். ஆனால் குட்டி விரியனுக்குக் கழுத்திலிருந்தே கட்டு இருக்கலாம். அதனால் எட்ட நின்று பார்த்தால் போதும், சந்தேகம் என்றால் விரியன்தான். நடுமுதுகில் அறுகோணச் செதில் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம்!

கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும். தார்சாவில் (வீட்டின் முன்கூடத்தில்) வெறுந்தரையில் படுப்பவர்களுக்குத்தான் ஆபத்து. கட்டிலில் படுங்கள், கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடியக்காலம் வயிற்றுவலி, இமை சொருகல் என்று எழுந்தால் 108-ஐக் கூப்பிட்டு நெல்லை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ கிளம்பிவிடுங்கள். பாம்பை அடித்து எடுத்துப் போகத் தேவையில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான்.