ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வர வேண்டும்?

இதயத்துக்கு நல்லதென்று ஓட்ஸும் ஆளிவிதையும் வாங்கி அடுக்குவதற்கு முன்னால், அடுப்படி உப்பு ஜாடியைக் கொஞ்சம் கவனியுங்கள். உப்பு கூடினால் ரத்த அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் இதயத்துக்கு வேலை கூடும். காசு செலவில்லாமல் இன்றே கைவைக்கக்கூடிய இடம் இது.

படி 1: புது பாக்கெட் பிரிக்கும்போதே அதன்மேல் தேதி எழுதுங்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது சுமார் ஒரு டீஸ்பூன். நாலு பேர் வீட்டில் 20 கிராம். ஒரு கிலோ 50 நாளாவது வர வேண்டும். எங்கள் வீட்டில் 31ஆம் நாளே காலி. "நான் அளவாத்தானேடா போடுறேன்" என்றார் அம்மா. பொய்யில்லை, அவர் கைக்குப் பழகிய அளவு அது. மீன், கீரை கழுவ எடுக்கும் உப்பைத் தனி டப்பாவில் வையுங்கள். இல்லாவிட்டால் கணக்கு கெட்டுவிடும்.

படி 2: ஜாடிக்கு வெளியே இருக்கும் உப்பைத் தேடுங்கள். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, மிக்சர் எல்லாம் உங்களுக்கே தெரியும். பிஸ்கட்டிலும் பிரெட்டிலும் உண்டு. பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். அதை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும்: 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு.

படி 3: மெதுவாகக் குறையுங்கள். ஒரேயடியாகக் குறைத்தால் எல்லோரும் ஊறுகாய் பாட்டிலைத் தேடுவார்கள். முதலில் சோற்றில் போடும் உப்பை நிறுத்துங்கள், குழம்பில்தான் இருக்கிறதே. கீரைக்கும் பொரியலுக்கும் வெந்து இறக்கும்போது போடுங்கள். பச்சையாக மலைபோல் இருக்கும் கீரையைப் பார்த்துப் போட்டால், வதங்கிச் சுருங்கியதும் கரிக்கும். எலுமிச்சையும் மிளகும் கொஞ்சம் கூடினால் குறை தெரியாது. சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

இந்துப்புக்கு மாறினால் தப்பிக்கலாமா? அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் கேட்காமல் அதைத் தொட வேண்டாம். உப்பைக் குறைத்துவிட்டோம் என்று மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

படி 4: எண்ணெய் பாக்கெட்டிலும் தேதி எழுதுங்கள். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பது என் கணக்கு. சட்டியில் சாய்த்து ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். வடை சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம்.

படி 5: வாரம் 150 நிமிட நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். சிகரெட், பீடி இருந்தால் இதற்கெல்லாம் முன்னால் அதை விடுங்கள்.

எங்கள் வீட்டு இரண்டாவது பாக்கெட் 44 நாள் வந்தது. மூன்றாவதில் இன்று காலை அம்மாவே தேதி எழுதிவிட்டார். அப்பளத்தைத்தான் இன்னும் விட மனசு வரவில்லை.