உறைந்த எண்ணெயும் எங்கள் சண்டையும்

இலங்கை மலைநாட்டில் இருக்கும் ஹப்புத்தளையில் நானும் வீட்டுக்காரரும் நாலு அறையோடு யோகா, எண்ணெய்க் குளியல் என்று ஒரு விடுதி தொடங்கினோம். ஊர் 1,400 மீட்டர் உயரத்துக்கு மேல். முதல் விருந்தாளிக்கு மசாஜ் செய்யப் போனால், மூலிகை எண்ணெய் போத்தலுக்குள் கட்டியாக நிற்கிறது! கலப்படம் என்று நான் சொல்ல, நீதான் சரியாக மூடவில்லை என்று அவர் சொல்ல, ஒரே சண்டை.

விசயம் சின்னது. மூலிகையைக் காய்ச்சியது தேங்காய் எண்ணெயில். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும்; இங்கே ராக்குளிர் அதைவிட எவ்வளவோ கீழே இறங்கும். அவசரத்தில் அடுப்பில் நேரே வைத்து ஒரு போத்தல் வெடித்ததுதான் மிச்சம். அப்புறம் சுடுதண்ணிச் சட்டிக்குள் வைத்து மெல்ல இளக்கினேன். அடுத்த முறை மூலிகையை நல்லெண்ணெயில் காய்ச்சினோம். அது இந்தக் குளிருக்கு உறையாது.

தேங்காய் எண்ணெய் இப்போது சமையலறையில். காலையில் அவர் கரண்டியால் தோண்டித்தான் எடுக்கிறார்.