ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு ஸ்கோப்: எடையில் ஏமாறாமல் வாங்குவது எப்படி

துப்பாக்கி மேல் பூட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கிதான் ஸ்கோப். என்னுடைய முதல் ஸ்கோப் 4-16×50, அதாவது 4 முதல் 16 மடங்கு ஜூம், 50 மில்லிமீட்டர் முன்கண்ணாடி. கடைக்காரர் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தபோதே மனசைப் பறிகொடுத்துவிட்டேன். கனமாக, கறுப்பாக, சினிமாவில் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு குறிபார்ப்பவன் வைத்திருப்பது மாதிரியே இருந்தது. வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் வைத்தேன்: துப்பாக்கியில் பிடித்து வைக்கும் மவுண்ட்டோடு 780 கிராம். துப்பாக்கியே மூன்று கிலோ சொச்சம்தான். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணை வைத்துப் பார்த்தால், உள்ளே குறிபார்க்க இருக்கும் குறுக்குக் கோடு, அதாவது கிராஸ்ஹேர், ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. ஸ்கோப்பைக் கழற்றி ஆட்டினால் உள்ளே ஏதோ கிலுகிலுக்கிறது. "பெரிய ரைஃபிளுக்கே போடுற ஸ்கோப் சார்" என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. பிரச்சினையே அதுதான்.

வெடிமருந்துத் துப்பாக்கி உதைப்பது ஒரே திசையில், பின்னால். அதற்கென்று செய்த ஸ்கோப்பின் உள்ளே லென்ஸ்களையும் கிராஸ்ஹேரையும் பிடித்திருக்கும் வளையங்களும் அந்த ஒரு திசை உதைக்கு ஈடுகொடுக்கத்தான் செய்யப்பட்டவை. ஸ்பிரிங் துப்பாக்கியின் கதை வேறு. ட்ரிகரை இழுத்ததும் சுருண்டிருந்த ஸ்பிரிங் விரிந்து, கனமான பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது. அதற்கு எதிராகத் துப்பாக்கி பின்னால் வருகிறது. பிஸ்டன் சிலிண்டரின் கடைசியை எட்டும்போது, அங்கே அமுங்கிக் கிடக்கும் காற்றில் மோதிச் சட்டென்று நிற்கிறது. அந்த இடத்தில் துப்பாக்கி முன்னால் வெட்டி இழுக்கிறது. முதல் உதையைவிட இந்த இரண்டாவது வெட்டுதான் கூர்மையானது. கண் இமைப்பதற்குள் இரண்டும் முடிந்துவிடுவதால் தோளுக்கு ஒரே அதிர்வாகத்தான் தெரியும். ஸ்கோப்புக்கு அப்படி இல்லை. ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்து வைத்த வாயு தள்ளும் கேஸ் ராம் இருந்தாலும் பிஸ்டன் பிஸ்டன்தான், உதையும் அதேதான்.

இங்கேதான் எடை வருகிறது. துப்பாக்கி வெட்டி இழுக்கும்போது ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். எவ்வளவு கனமோ அவ்வளவு பிடிவாதம். 300 கிராம் ஸ்கோப்பைப் பிடித்து வைக்க மவுண்ட்டின் திருகுகள் படும் பாட்டைப்போல இரண்டு மடங்கு 600 கிராமுக்குப் படவேண்டும். அது போதாதென்று துப்பாக்கியின் சமநிலையும் மாறுகிறது. ஸ்பிரிங் துப்பாக்கி, பிடிக்கும் விதம் கொஞ்சம் மாறினாலும் குறி தப்பிவிடுகிற சாமான். மேலே முக்கால் கிலோவை ஏற்றிவிட்டு முன்னங்கையில் லேசாகத் தாங்கிச் சுடு என்றால் எப்படி முடியும்?

சரி, இலேசானதே வாங்கிவிடலாம் என்று கிளம்பினால் அடுத்த குழி. துப்பாக்கிப் பெட்டியோடு சில சமயம் இலவசமாக வரும் 4×20 ஸ்கோப்பைக் கையில் எடுத்தால் பென்சில் டப்பா மாதிரிதான் இருக்கும். அதன் குழாயின் விட்டம் முக்கால் அங்குலம், உள்ளே பாதி பிளாஸ்டிக். எடை குறைந்தது உண்மை. குறைந்த இடம் தப்பு. தாங்கிப் பிடிக்கும் பாகங்களில் கைவைத்துக் குறைத்த எடை அது. நமக்கு வேண்டாதவற்றைக் கழித்துக் குறைக்க வேண்டும்: 16 மடங்கு ஜூம் வேண்டாம், 50 மில்லிமீட்டர் முன்கண்ணாடி வேண்டாம், பேட்டரி போட்டு எரியும் கிராஸ்ஹேர் வேண்டாம். ஒரு அங்குலக் குழாயில் நிலையான 4×32 என்றால் சுமார் 300 கிராம், 2-7×32 என்றால் அதைவிடக் கொஞ்சம் கூட, 3-9×40 என்றால் 400-லிருந்து 500 வரை. பத்திலிருந்து முப்பது மீட்டருக்குள் தகர டப்பாவும் அட்டையும் சுடுபவருக்கு 2-7 தாராளம். பெட்டியிலோ கையேட்டிலோ 'ஏர்கன் ரேட்டட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'ஷாக் புரூஃப்' என்பதை நம்பிப் பயனில்லை. அந்த ஷாக் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அது சொல்லாது.

எடைக்கு அடுத்து அதிகம் பேர் கோட்டைவிடுவது பேரலாக்ஸில். இதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம். ஒவ்வொரு ஸ்கோப்பும் ஏதோ ஒரு தூரத்துக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும். அந்தத் தூரத்தில் குறியின் பிம்பமும் கிராஸ்ஹேரும் ஒரே தளத்தில் விழும். கண்ணை எப்படி நகர்த்தினாலும் குறி நகராது. வேறு தூரத்தில் கண் மையத்தை விட்டு விலகினால் கிராஸ்ஹேரும் குறியின் மேல் மிதக்கும். பெரிய ரைஃபிள் ஸ்கோப்புகளில் அந்தத் தூரம் பெரும்பாலும் 100 கெஜம் அல்லது அதற்கு மேல். நாம் சுடுவதோ பத்துப் பதினைந்து கெஜத்தில்.

எவ்வளவு தப்பும்? கணக்கு எளிது. முன்கண்ணாடியின் விட்டத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். சரிசெய்த தூரத்துக்கும் சுடும் தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, சரிசெய்த தூரத்தால் வகுங்கள். 40 மில்லிமீட்டர் கண்ணாடி, 100 கெஜம், குறி 10 கெஜத்தில் என்றால் 20-ஐ 90-ஆல் பெருக்கி 100-ஆல் வகுக்க, 18 மில்லிமீட்டர். கண் ஓரத்துக்குப் போய்விட்டால் அதிகபட்சம் அவ்வளவு தப்பும். பத்து மீட்டர் போட்டி அட்டையின் கறுப்பு வட்டமே 30.5 மில்லிமீட்டர்தான், நடுவில் கிராஸ்ஹேரை வைத்துச் சுட்டும் பெல்லட் கறுப்பைவிட்டு வெளியே போய்விடலாம். 35 கெஜத்துக்குச் சரிசெய்த 32 மில்லிமீட்டர் ஸ்கோப்பில் இதே கணக்கு 11 மில்லிமீட்டர் சொச்சத்துக்கு இறங்கும். முன்கண்ணாடியையோ பக்கவாட்டுத் திருகையோ சுழற்றி 10 கெஜம் வரை கொண்டுவரக்கூடிய ஸ்கோப் என்றால் இந்தத் தொல்லையே இல்லை. ஏ.ஓ. என்று போட்டிருப்பது முன்கண்ணாடியைச் சுழற்றும் ரகம்; கொஞ்சம் எடை கூடும், ஆனால் கூடட்டும். நான் ஜூமை விட்டுக்கொடுப்பேன், ஏ.ஓ.வை விடமாட்டேன்.

கடையிலேயே சோதித்துவிடலாம். ஸ்கோப்பை எதிலாவது அசையாமல் வைத்து, பத்தடி பன்னிரண்டு அடியில் இருக்கும் காலண்டரை அல்ல, கடைக்கு வெளியே பத்துப் பதினைந்து மீட்டரில் இருக்கும் ஒரு போர்டின் எழுத்தைப் பாருங்கள். தலையை மட்டும் மேலும் கீழும் மெல்ல ஆட்டுங்கள். கிராஸ்ஹேர் எழுத்தின் மேல் நீந்தினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பெரிய கண்ணாடி இங்கேயும் ஒரு வம்பு செய்யும். 50 மில்லிமீட்டர் ஸ்கோப் பேரலில் இடிக்காமல் இருக்க உயரமான மவுண்ட் வேண்டும். உயரம் கூடினால் கன்னம் கட்டையில் படியாது. கன்னம் படியாவிட்டால் கண் தினமும் வேறு வேறு இடத்தில் நிற்கும். மேலே போட்ட கணக்கில் கண் ஓரத்துக்குப் போவது இப்படித்தான். நீளமான ஸ்கோப்பாக இருந்தால் பேரலை மடக்கி பெல்லட் வைக்கும் இடத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும், ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் இடிக்கும்.

பேரலை மடக்கி லோட் செய்யும் ரகத்தில் இன்னொரு விஷயம் உண்டு, கடையில் யாரும் சொல்வதில்லை. பல துப்பாக்கிகளில் பேரல் நுனி ஒரு நூல் கீழ்நோக்கி இருக்கும். ஸ்கோப் இல்லாமல் குறிபார்க்கத் துப்பாக்கியிலேயே வரும் இரும்புக் குறிகள் பேரலோடு ஒட்டி இருப்பதால் அதில் தெரியாது. ஸ்கோப் உட்காருவது பின்னால், சிலிண்டரின் மேல். அதனால் பெல்லட் கிராஸ்ஹேருக்குக் கீழே விழும். உடனே நாம் மேல் திருகைச் சுற்றிச் சுற்றி அதன் எல்லைக்கே கொண்டுபோய்விடுவோம். அங்கே உள்ளிருக்கும் சின்ன ஸ்பிரிங் தளர்ந்துபோய், ஒவ்வொரு உதைக்கும் கிராஸ்ஹேர் இடம் மாறும். நேற்று வைத்த ஜீரோ (பெல்லட் விழும் இடத்தோடு கிராஸ்ஹேரைப் பொருத்தியது) இன்று இல்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு நோய் இதுதான் என்று நினைக்கிறேன். பின்பக்கம் உயரம் கூடிய மவுண்ட் கிடைக்கும். இல்லாவிட்டால் பின் வளையத்தில், ஸ்கோப்புக்கு அடியில் பழைய போட்டோ பிலிம் ஒரு துண்டு வைத்தால் போதும். இரண்டு மூன்று மடிப்பாகத் திணித்துக் குழாயை வளைத்துவிடாதீர்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. திருகைப் போதுமான அளவு சுற்றாமலே ஸ்கோப்பைக் குறை சொல்வது. எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. திருகின் ஒரு க்ளிக் கால் எம்.ஓ.ஏ. என்றால் 100 கெஜத்தில் அது சுமார் கால் அங்குலம். பத்து மீட்டரில் அது 0.7 மில்லிமீட்டர்தான். இரண்டு சென்டிமீட்டர் நகர்த்த 28 க்ளிக் வேண்டும். நான்கு க்ளிக் வைத்துவிட்டு "ஒன்றுமே மாறலையே" என்றால் ஸ்கோப் என்ன செய்யும்?

மவுண்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். முதலில் துப்பாக்கியின் மேல் இருக்கும் தடத்தைப் பாருங்கள்: பெரும்பாலான ஏர் ரைஃபிள்களில் 11 மில்லிமீட்டர் டவ்டெய்ல் என்னும் குறுகலான தடம், குறுக்கே பள்ளங்கள் உள்ள அகலமான பிக்காடினி தண்டவாளம் என்றால் வேறு மவுண்ட். துப்பாக்கி முன்னால் வெட்டி இழுக்கிறது என்றேனே, அதனால் ஸ்கோப் நாளாக நாளாகப் பின்னால் ஊர்ந்து வரும். மவுண்ட்டின் அடியில் ஒரு சின்ன முள் இருந்து, அது சிலிண்டரில் உள்ள ஓட்டையில் இறங்கினால் ஊராது. முள் உள்ளது பின்பக்க மவுண்ட்டாக இருக்கட்டும். ஓட்டை இல்லாத துப்பாக்கி என்றால் மவுண்ட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு ஸ்டாப்பர் பூட்டலாம். வளையத்துக்கு மேலே இரண்டு திருகு இருப்பதைவிட நான்கு இருப்பது நல்லது. ஆனால் உயிரைக் கொடுத்து இறுக்கினால் மெல்லிய அலுமினியக் குழாய் நசுங்கும். பெல்லட் இல்லாமல் சும்மா ட்ரிகரை இழுத்துப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். காற்று தடையில்லாமல் ஓடிவிட, பிஸ்டன் நேராகச் சுவரில் மோதும்.

பிள்ளை ரைஃபிள் கிளப்பில் சேர்ந்திருக்கிறாள், போட்டிக்குப் போவாள் என்று ஸ்கோப் வாங்க வருகிற அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் டெலஸ்கோப் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் சுட்டது, சின்ன ஓட்டை வழியாகப் பார்க்கும் ஓட்டைக் குறி வைத்துத்தான். அந்தப் பணத்துக்கு நல்ல பெல்லட் வாங்கிக் கொடுக்கலாம். மரத்தில் இருக்கும் பறவையைச் சுட ஸ்கோப் கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்திடம் இருக்கிறது.

இப்போது என் துப்பாக்கியில் இருப்பது ஒரு 2-7×32, ஏ.ஓ. உள்ளது, மவுண்ட்டோடு 490 கிராம். பூட்டிய அன்று முதல் ஐம்பது பெல்லட் சுட்டதும் எல்லாத் திருகையும் ஒரு முறை தொட்டுப் பார்த்தேன், இரண்டு தளர்ந்திருந்தன. அப்புறம் வீட்டுக்காரியின் நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்து, மவுண்ட்டும் தடமும் சேரும் இடத்தில் குறுக்காக ஒரு மெல்லிய சிவப்புக் கோடு இழுத்தேன். சுடப்போகும் முன் அந்தக் கோடு முறிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். இதுவரை முறியவில்லை. பாட்டில் எங்கே என்றுதான் வீட்டில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.